பக்தர் நான்கு

1

ஊரிலிருந்து இதைப் படிக்கும் அன்பர்களுக்கு, முதலில் இங்குள்ள ஓர் அஞ்சல் சாளரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எட்மன்டன் நகரில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில், கையொப்பமிட்டுப் பெற வேண்டிய பொதி ஏதேனும் வந்து, அவ்வேளையில் வீட்டில் ஆளில்லாமற் போனால், கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் அச்சீட்டை எடுத்துக்கொண்டு, மருந்துக் கடையொன்றின் பின்புறத்தில் இருக்கும் அஞ்சல் சாளரத்துக்குச் சென்று பொதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சென்ற வாரம் அப்படியொரு சீட்டு வந்தது. அதில் எழுதியிருந்த பெயர் மரகதம். மரகதம் என் மனைவி. மார்கழியில் இறைவனடி சேர்ந்துவிட்டவள்.

சாளரத்தில் இருந்த பெண் பணிவானவள். சீட்டைப் பார்த்தாள், உள்ளே போய்ப் பொதியை எடுத்து வந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், என் அடையாள அட்டையைக் கேட்டாள். பெயர் பொருந்தவில்லை. பெயருக்குரியவர் நேரில் வர வேண்டும், படமுள்ள அட்டை கொண்டுவர வேண்டும் என்றாள். நான் அவளுடைய கணவன் என்றேன். அது போதாது என்றாள். நம் ஊரில் இறந்தவரைப் பற்றி 'இல்லை' என்று ஒரு சொல்லைத் தலைகுனிந்து சொன்னால், எதிரிலிருப்பவர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். நான் அதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் புன்னகை மாறாமல், பரவாயில்லை, அவர் திரும்பி வந்ததும் அழைத்து வாருங்கள், இரண்டு வாரம் பொதி இங்கேயே இருக்கும் என்றாள்.

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். பேருந்தில் அமர்ந்த பிறகு ஒன்றை உணர்ந்தேன். 'திரும்பி வந்ததும்' என்று அவள் சொன்ன கணத்தில் என் நெஞ்சு மகிழ்ந்திருந்தது. பிழையான ஒரு வாக்கியத்தின் பயனாக, அரை நிமிடம் மரகதம் எங்கோ வெளியே போயிருந்தாள்.

மாலையில் என் மகன் அருணிடம் சொன்னேன். அவன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், இறப்புச் சான்றிதழையும் திருமணப் பதிவையும் எடுத்துச் சென்றால் கொடுத்துவிடுவார்கள், வேண்டுமானால் சனிக்கிழமை நானே போய் வாங்கி வருகிறேன் என்றான். அவன் சொன்னதில் குறையேதும் இல்லை. நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பொதியை அனுப்பியவன் என் தங்கை மகன் கார்த்தி. உள்ளே என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை அனுப்பச் சொன்னவர் யார் என்பதும் தெரியும். உங்களுக்கு அது விளங்க வேண்டுமானால் எங்கள் ஊர் அம்மன் சேலை ஏலத்தைச் சொல்ல வேண்டும்.

2

சோமனூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், பங்குனியில் மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டுவார்கள், அதாவது திருவிழாவை அறிவிப்பார்கள். கொங்கு நாட்டில் பல ஊர்களிலும் உள்ளதுபோல, முக்கிளையாகப் பிரிந்த மரமொன்றை வெட்டி வந்து கோயில் வாசலில் கம்பமாக நடுவார்கள். அந்தக் கம்பந்தான் அம்மனுடைய கணவர். பெண்கள் நாள்தோறும் அதற்கு மஞ்சள் நீர் ஊற்றுவார்கள், இளைஞர்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். பொங்கல் முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிடுவார்கள். மறுநாள் மஞ்சள் நீராட்டு. அன்று மாலையில், திருவிழா நாட்களில் அம்மனுக்குச் சாத்திய சேலைகளை ஏலம் விடுவார்கள்.

இதில் எங்கள் ஊருக்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. ஏலம் கேட்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்கக் கூடாது. எழுந்து நின்று, தம் பெயரையும் தந்தை பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டும். ஏலம் முடியும் வரையில் போட்டியிடும் இருவரும் எதிரெதிரே நின்றுகொண்டிருப்பார்கள். ஊரே பார்க்கும். இரண்டாவது வழக்கம், ஏலம் எடுத்தவர் அந்தச் சேலையோடு சேர்ந்த ரவிக்கைத் துணியை மட்டும் வெட்டி, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு, எதிரில் நின்று தோற்றவர் வீட்டு அம்மாளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எதிரில் ஒருவர் நின்றதால்தானே அம்மன் சேலைக்கு மதிப்பு ஏறியது? ஆகவே அதில் அவருக்கும் பங்கு உண்டு. சேலை ஒரு வீட்டில், அதே சேலையின் ரவிக்கை இன்னொரு வீட்டில். விழா முடிந்து சில நாளில் வரும் மறுபூஜையன்று இரண்டு பெண்களும் அவற்றை உடுத்திக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள்.

கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஆலையொன்றில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும், எந்த ஆண்டும் அந்த மாலைப்பொழுதைத் தவறவிட்டதில்லை. எனக்கு எதிரில் நிற்பவர் எப்போதும் ஒருவர்தான். ரங்கசாமி. சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார், கோயிலில் எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார். எல்லோரும் நூறு நூறாக ஏற்றினால், அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு ரூபாய் சேர்த்துத்தான் கேட்பார். "முழுசாக் கேட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமுங்க. ஒண்ணு போட்டாத்தான் தொடருமுங்க" என்று அதற்கொரு நியாயம் வைத்திருந்தார். ஓராண்டு நான் எடுப்பேன், ஓராண்டு அவர் எடுப்பார். வேறு எந்த உறவும் எங்களுக்குள் கிடையாது. திருமண வீடுகளில் பார்த்தால் ஒரு கும்பிடு. அவ்வளவுதான். ஆனால் அவர் மனைவி சரோஜினிக்கும் மரகதத்துக்கும் இடையில், ஒரே சேலையைப் பங்கிட்டு உடுத்திய பெண்களுக்கு மட்டுமே உரிய ஓர் ஒட்டுதல் இருந்தது. "சரோஜா தையக்காரன மாத்தீட்டா, இந்த வருசம் கை நல்லா உக்காந்திருக்குது" என்று மரகதம் சொல்வாள். அதுதான் அவர்கள் நட்பின் மொழி.

3

அருண் எங்கள் இருவரையும் இங்கே வரவழைத்துக்கொண்ட முதலாண்டு பங்குனி வெறுமையாகக் கழிந்தது. வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. உள்ளே மரகதம் காலண்டரைப் பார்த்துப் பார்த்து, இன்று கம்பம் நடுவார்கள், இன்று மாவிளக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு கார்த்தி விழாக் குழுவின் செயலாளன் ஆனான். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் கலந்துகொள்ள வேண்டுமென்று, ஏலத்தை இணையத்தில் ஏற்றினான். கோயிலுக்கு வந்திருப்பவர்கள் சொல்லும் விலையைக் குழுவினரே ஒரு கருவியில் பதிவு செய்வார்கள். மற்றவர்கள் அவரவர் ஊரிலிருந்து கேட்கலாம். இன்னார் இவ்வளவு கேட்டார் என்று வெளியே தெரிந்தால் நன்கொடை கேட்டு ஆட்கள் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள், பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வருகிறது என்பதால், பெயர்களை மறைத்து எண்கள் மட்டும் கொடுத்தார்கள். பக்தர் ஒன்று, பக்தர் இரண்டு என்று திரையில் வரும். நாங்கள் பக்தர் ஒன்பது.

அங்கே மாலை விளக்கேற்றும் நேரம் எங்களுக்குக் காலைக் காப்பி நேரம். நீராடித் திருநீறிட்டு, பதிகம் ஓதி முடித்து, இருவரும் திரையின் முன் அமர்ந்தோம். நாங்கள் கேட்ட விலைக்குமேல் பக்தர் நான்கு கேட்டார். விலையின் கடைசியில் ஒரு ரூபாய். மரகதம் கையைத் தட்டினாள். "ஏனுங்க, நம்ம ரங்கசாமியண்ணன்தானுங்க அது."

அந்த ஆண்டு அவரே எடுத்தார். ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் ரவிக்கைத் துணி எங்களுக்கு வந்து சேர்ந்தது. எண்ணுக்குப் பின்னாலிருந்த மனிதர் யார் என்பதற்கு அதைவிடச் சான்று எதற்கு?

அதன் பின் வந்த கார்த்திகையில் மரகதத்துக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கை விழுந்துவிட்டது, பேச்சு இழுத்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியும் பல வாரம் அவள் முகத்தில் அசைவே இல்லை. பங்குனி வந்தபோது நான் தயங்கித்தான் திரையைத் திறந்தேன். பக்தர் நான்கு வந்தார். அதே ஒரு ரூபாய். மரகதத்தின் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. நெடுநாளைக்குப் பிறகு அதைப் பார்த்தேன். அந்த ஆண்டு சேலை எங்களுக்கு. ரவிக்கைத் துணியை அவள் இடக்கையால் வெட்டினாள். ஓரம் கோணலாகப் போயிற்று. நான் வெட்டித் தருகிறேன் என்றதற்கு இசையவில்லை. கார்த்தியின் முகவரிக்கு அனுப்பி, சரோஜாவிடம் சேர்க்கச் சொன்னோம்.

அடுத்த ஆண்டும் அவ்வாறே. இம்முறை அருண் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் எங்கள் பின்னால் சிறிது நேரம் நின்று பார்த்தான்.

"அப்பா, அந்த நாலாம் நம்பர் ஆள் நீங்க கேட்ட அடுத்த நொடியே கேக்கறாரு பாருங்க. யோசிக்கறதே இல்ல. ஆனா கடைசில மட்டும் கரெக்டா விட்டுடறாரு. விலையேத்தறதுக்குன்னே பொய்யா ஒரு ஆள வெப்பாங்கப்பா. ஆன்லைன் ஏலத்துல இது சகஜம்."

சாமி காரியத்தில் அப்படியெல்லாம் எண்ணக் கூடாது என்று கடிந்துகொண்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு அவன்மீது வருத்தம். ஊரை விட்டு வந்தவன் ஊரின்மீது வைத்த நம்பிக்கையையும் விட்டுவிட்டான் என்று மரகதத்திடம் சொன்னேன்.

இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வாழ்நாளெல்லாம் கண்ணுக்குத் தோன்றாத ஒருவனை முன்னிறுத்திப் பாடியும், கெஞ்சியும், சில நாள் சண்டையிட்டும் பழகியவன் நான். மறுமொழி வராவிட்டாலும் அவன் இருக்கிறான் என்று கொள்வதுதான் எங்கள் நெறி. அப்படிப்பட்டவனுக்கு, திரையில் ஓர் எண்ணைக் கண்டு அதன் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று நம்புவதில் என்ன சிரமம்?

ஆனால் ஒன்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊரில் ரங்கசாமி ஓராண்டு விட்டு ஓராண்டு என்னை வென்றவர். இப்போது அவர் இரண்டாண்டு தொடர்ந்து தோற்றிருந்தார்.

4

மரகதத்துக்கு ஓர் ஆசை வந்தது. சரோஜா அந்த ரவிக்கையை உடுத்தியிருக்கும் படம் ஒன்று வேண்டும். கார்த்தியிடம் கேட்டேன். அவர்கள் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றான். பத்து நாள் கழித்துக் கேட்டேன். இன்னும் தைக்கவில்லையாம் என்றான். அப்படியானால் ரங்கசாமியின் தொலைபேசி எண்ணைக் கொடு, நானே பேசுகிறேன் என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

என்னுடைய பழக்கம், வாய்வழி நடவாத காரியத்தை முறைப்படி எழுதிக் கேட்பது. விழாக் குழுவுக்கே மின்னஞ்சல் எழுதினேன். பக்தர் நான்கு அவர்களுக்கு வழக்கப்படி மரியாதை செய்ய விரும்புகிறோம், அவருடைய பெயரையும் எண்ணையும் தெரிவித்து உதவ வேண்டும். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஏலத்தில் கலந்துகொள்ளும் பக்தர்களின் விவரங்களை வெளியிட விதிமுறை இடமளிக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இப்படிக்கு, செயலாளர். என் தங்கை மகன், நான் தோளில் தூக்கித் தேர் காட்டிய பிள்ளை, எனக்கு எழுதிய கடிதம் அது. குடியுரிமை அலுவலகத்திலிருந்து வரும் பதில்கள் இதே தொனியில் இருக்கும். அது நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே அழைத்தான். அத்தை பக்கத்தில் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டான். இல்லை, உறங்குகிறாள் என்றேன்.

"மாமா, ரங்கசாமி அய்யன் இல்லீங்க. போயி ஒன்றரை வருசமாச்சுங்க."

அவனே தொடர்ந்தான். ஐப்பசியில் பட்டறையிலேயே நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டாராம். செய்தியை எங்களுக்குச் சொல்ல எண்ணியிருந்த சமயத்தில் மரகதம் மருத்துவமனையில் கிடந்தாள். அதிர்ச்சி தரும் எதையும் சொல்லாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை நானே அவனிடம் சொல்லியிருந்தேன்.

"அப்படியானா அந்த நாலாம் பக்தர் யாரு கண்ணு?"

"நான்தானுங்க மாமா. அவரு கணக்கு குழு டேப்லட்லதான் கெடந்துச்சு. எதுக்க ஆளில்லீன்னா அத்தை ஏன்னு கேப்பாங்களேன்னு, அவரு மாதிரியே ஒரு ரூவா சேத்துச் சேத்துப் போட்டேனுங்க. அத்தை சிரிச்சாங்கன்னு அன்னிக்கு நீங்க சொன்னீங்க. எனக்கு அழுகையே வந்திருச்சுங்க."

அந்த ஆண்டுக்கு அது பதில். நான் இந்த ஆண்டைக் கேட்டேன்.

"கோபுர வர்ண வேலை பாதீல நின்னு போச்சுங்க மாமா. நீங்க எப்படியும் உட மாட்டீங்கன்னு தெரியும். சிங்கப்பூர்க்காரங்க, துபாய்க்காரங்க கேட்ட சேலைக்கும் ரெண்டு மூணுக்கு இப்படித்தான் பண்ணிப்போட்டேன். என்ற பாக்கெட்டுக்கு ஒத்தப் பைசா போகலீங்க. எல்லாம் ஆத்தாளுக்குத்தானுங்களே போகுது?"

அவன் பொய் சொல்லவில்லை என்பதை அறிவேன். முதலாண்டு அன்பினால் செய்தது, இரண்டாம் ஆண்டு கைப்பழக்கமாகிவிட்டது. பெயர் மறைந்திருக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவில் வரப்பு இருப்பதில்லை. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். பணம் போனதற்காக நான் வருந்தவில்லை. என் எதிரில் அத்தனை காலம் நின்ற மனிதர் மறைந்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட எனக்கு வாய்க்கவில்லை, மாறாக, மறைந்த பிறகு இரண்டு முறை அவரை வென்றுவிட்டதாக மகிழ்ந்து பாயசம் வைத்துக் குடித்தேன். அதை நீ எப்படித் திருப்பித் தருவாய்?

அவன் அழுதான். ரவிக்கைத் துணிகள் இரண்டும் தன் வீட்டுப் பீரோவில்தான் இருக்கின்றன என்றான். கணவனை இழந்த அம்மாளிடம் மங்கலப் பொருளை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டான்.

குழுவின் முன்னும் அம்மன் முன்னும் நடந்ததைச் சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டேன். சொன்னான். பொறுப்பை விட்டு விலகினான். பணம் கட்டியவர்களுக்கெல்லாம் தகவல் போயிற்று. இனிப் பெயர் போட்டே ஏலம் என்று குழு தீர்மானித்தது.

5

மரகதத்திடம் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தபின் சொன்னேன். அவள் சன்னலோரத்து நாற்காலியில் இருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரோஜா பொட்டில்லாம இருக்கறாளா?" என்றாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

ஆம் என்றேன்.

"அப்ப நமக்கு எதுக்க நிக்கறதுக்குக்கூட ஊருல ஆளில்லீங்களா?"

இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் பலர் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். ஏன் வந்தீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள், ஊருக்குத் திரும்புவீர்களா. எதுவும் என்னை இந்தக் கேள்விபோல் வீழ்த்தியதில்லை. ஊரில் வீடு இருக்கிறது, பட்டா என் பெயரில் இருக்கிறது, வரி கட்டுகிறோம். ஆனால் எழுந்து நின்று பெயர் சொன்னால், எதிரில் எழுந்து நிற்க ஒருவர் வேண்டுமல்லவா? அவர் இருக்கும் வரையில்தான் நாம் அந்த ஊர்க்காரர்.

பிறகு அவள் துணிகளைப் பற்றிக் கேட்டாள். கார்த்தியிடம் இருப்பதைச் சொன்னேன். சரோஜாவிடமே கொடுக்கச் சொல்லுங்கள் என்றாள். அது முறையில்லை, அந்த அம்மாள் மனம் புண்படும் என்றேன்.

"கம்பம் புடுங்குன மறுநாளு ஆத்தாளுக்கு யாருங்க புருசன்? அவளுக்குச் செவப்புத்தானுங்களே கட்டறாங்க?"

விடியற்காலையில் எழுந்து ஓதும் பாடல்களில் எத்தனையோ பொருள் விரித்துச் சொன்னவன் நான். இதன் பொருளை அவள்தான் எனக்குச் சொன்னாள். கார்த்தியை அழைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

அவன் சோமனூருக்குப் போய், சரோஜினி அம்மாளின் முன் அமர்ந்து ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். அவர் கோபிக்கவில்லையாம். கணவர் பெயரில் கடைசியாக எந்த விலையில் நிறுத்தினாய் என்று மட்டும் கேட்டாராம். இவன் சொன்னதும், "அவரா இருந்தா அங்க உட்டிருக்க மாட்டாரு. அவரு பேரக் கெடுத்துப்போட்டியே கண்ணு" என்றாராம். பிறகு துணிகளை மடியில் விரித்து, கோணலாக வெட்டுப்பட்டிருந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மரகதம் கை இப்படி வெட்டாதே. அவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று மாலை இரண்டு பெண்களும் காணொளியில் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் நெற்றியை ஒருவர், ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரோஜினி அம்மாள் தையலைப் பற்றி ஏதோ சொல்ல, மரகதம் அரைச் சிரிப்புச் சிரித்தாள்.

6

மார்கழியில், நான் பக்கத்தில் அமர்ந்து ஓதிக்கொண்டிருக்கும்போதே மரகதத்தின் மூச்சு அடங்கியது. கடைசியாக ஏலத்தில் எடுத்த அம்மன் சேலையை உடுத்தித்தான் அனுப்பினோம். அதற்குரிய ரவிக்கை சோமனூரில் இருந்தது. இங்கே மருமகள் ஏதோ ஒரு சிவப்பு ரவிக்கையைத் தேடி எடுத்தாள். மின்மயானத்தில் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். முழுப் பதிகமும் ஓத அது போதவில்லை. மனத்துக்குள் ஓதி முடித்தேன்.

பங்குனி வந்தது. சேலை உடுத்த ஆளில்லாத வீட்டுக்கு ஏலம் எதற்கு என்று எண்ணினேன். ஆனாலும் அந்தக் காலையில் கால்கள் தாமாகத் திரையின் முன் கொண்டுபோய் அமர்த்தின. அருண் வேலைக்குப் போகாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சேலை வந்ததும் வழக்கமான தொகையைக் கேட்டேன். என் பெயரும், என் தந்தை பெயரும், ஊர்ப் பெயரும் முழுமையாகத் திரையில் தெரிந்தன. அதற்கு எதிரே வெற்றிடம். ஒருதரம் என்று வந்தது. எதிரில் ஆளில்லாமல் அம்மன் சேலையைக் கொண்டுபோன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டுதரம் என்று வந்தது.

அப்போது வெற்றிடத்தில் ஒரு பெயர் எழுந்தது. சரோஜினி ரங்கசாமி, சோமனூர். நான் கேட்டதற்குமேல் ஒரு நூறு, அதன்மேல் ஒரு ரூபாய்.

அருண் என் முழங்கையைப் பற்றினான். "அப்பா, இது நெஜ ஆள்ப்பா" என்றான்.

நான் ஏற்றினேன். அவர் சிறிது யோசித்து ஏற்றினார். நான் யோசித்தேன். நாற்காலியில் இருக்க முடியவில்லை, எழுந்து நின்றுகொண்டேன். அங்கே அவரும் நின்றுகொண்டிருந்ததாகக் கார்த்தி பிறகு சொன்னான். நான் விட்டுக்கொடுக்கவில்லை, உண்மையாகவே நின்று பார்த்தேன். அவர் ரங்கசாமியைவிடப் பிடிவாதக்காரர். தோற்றேன். தோற்றதும் நான் அழுததை அருண் பார்த்தான். என் மகன் என்னை அணைத்துக்கொண்டது, அவன் வளர்ந்த பிறகு அதுவே முதல்முறை.

7

நேற்று இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மறுபடியும் அஞ்சல் சாளரத்துக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். தாளைப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மன்னிக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவள்மீது பிழையில்லை, என் ஆங்கிலத்தின்மீதுதான் பிழை என்று சொல்லிவைத்தேன்.

வழக்கப்படி ரவிக்கைத் துணி தோற்றவர் வீட்டு அம்மாளுக்குப் போக வேண்டும். கார்த்தி என் பெயரை எழுதப் போனபோது சரோஜினி அம்மாள் தடுத்திருக்கிறார். "அவ பேரையே எழுது கண்ணு. அது அவளுக்குப் போறது." உயிரோடு இருந்தவர்களின் பெயர்களையெல்லாம் மறைத்து எண்களாக்கிய காலத்தைக் கடந்து, உயிரோடு இல்லாதவளின் பெயர் முழுமையாக எழுதப்பட்டு, கடல் தாண்டி இந்தச் சாளரம் வரை வந்திருந்தது.

அந்தப் பெண் பொதியின்மேல் ஒட்டியிருந்த சுங்கச் சீட்டைப் படித்தாள். பொருள், தைக்காத துணி, சிவப்பு. வகை, அன்பளிப்பு. மதிப்பு என்ற இடத்தில் அவள் புருவம் சுருங்கியது. சீட்டை என் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினாள். ஒரு ரூபாய் என்று எழுதியிருந்தது. ஏதேனும் விடுபட்டிருக்குமோ, இந்தத் தொகை சரிதானா என்று கேட்டாள்.

சரிதான் என்றேன்.

பெறுபவர் கையொப்பமிடும் கோட்டை அவள் காட்டினாள். நான் பேனாவை வாங்கி, எழுந்து நிற்பவனைப்போல் நிமிர்ந்து நின்று, மரகதம் என்று எழுதினேன்.